இருபத்தெட்டாவது கடிதம்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள லிண்ட்சி அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மனதாரத்தான் கேட்கிறேன். என்னை நினைவிருக்கும். ஆறாம் வகுப்பில் உதவி ஆசிரியையாக இருக்கும் கிளெனிஸ் ஆர்மராட். போன வருடம் பள்ளிக் கோடைச் சந்தையில் கேக் மேசைக்குப் பின்னால் நீங்களும் நானும்தான் நின்றோம். என் எலுமிச்சை கேக் நடுவில் குழிந்துபோனதைப் பார்த்து, கிரீமைப் பூசி மூடிவிடலாம் என்று யோசனை சொன்னது நீங்கள்தான்.

ஓர்லா நன்றாக இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பள்ளியிலிருந்து கடிதம் என்றாலே பெற்றவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். போன புதன்கிழமை போய் வெள்ளிக்கிழமை திரும்பினோம், கானிஸ்டன் ஏரிப் பக்கத்து முகாமுக்கு. இருபத்தெட்டுப் பிள்ளைகள், வகுப்பாசிரியர் அஸ்லம், நான். பஸ் கிளம்பிய அரை மணி நேரத்தில் மூன்று பேர் வாந்தி. நான்காவது ஆள் அஸ்லம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

மூன்று நாளும் மழைதான். ஈரக் காலணிகளை எல்லாம் கொதிகலன் இருக்கும் அறையில் உலர வைத்தோம். அந்த நாற்றம் என் தலைமுடியை விட்டு இன்னும் போகவில்லை. போர்வைக்கு உறை மாட்டத் தெரிந்த பிள்ளைகள் மொத்தம் நான்கே பேர். அதில் ஓர்லா ஒருத்தி. தன்னுடையதை முடித்துவிட்டு, அறையில் இருந்த மற்ற ஐந்து பேருக்கும் அவளே மாட்டிக் கொடுத்தாள். "வீட்ல நான்தான் மிஸ் இதெல்லாம் பண்றேன். அப்பா மாட்டுனா உறைக்குள்ள அவரே மாட்டிக்கிறாரு" என்றாள். உங்கள் கணவர் கிரெய்கைப் பற்றிச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

முதல் நாள் மதியம் ஏறு சுவர். ஒரு பிள்ளை ஏறும்போது கீழே மூன்று பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஏறுகிற பிள்ளைக்குக் கால் தவறினால் அந்தக் கயிறுதான் தாங்கும். ஓர்லா கடகடவென்று உச்சிவரை ஏறி இறங்கினாள். கயிற்றைப் பிடிக்கும் முறை வந்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நானும் பின்னாடி பிடிச்சிருக்கேன் கண்ணு, உன்னால யாரும் விழ மாட்டாங்க" என்று பயிற்சி கொடுக்கிற பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "நான் வேற பக்கம் பாத்துட்டா?" என்று கேட்டாள் ஓர்லா. அப்போது ஜாக்சன் என்கிற பையன், "விடுங்க மிஸ், அவ புடிச்சா நாம முன்னாடியே ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வெச்சுக்கணும்" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவனை இரண்டு வேளைக்கும் தட்டுக் கழுவ விட்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதானே.

அவள் ஏன் கயிற்றைத் தொடவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். பிப்ரவரியில் ஒரு நாள், புத்தக மூலையில் வாசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் சொன்னாள்: "அன்னிக்கு கார்ல நான்தான் மிஸ் 'அம்மா இங்க பாரேன், இங்க பாரேன்'னு கத்துனேன். அம்மா திரும்புனாங்க. அப்பதான் அந்த சைக்கிள்காரர் வந்தாரு." சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். நீங்கள் போன் செய்தால் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள் என்றும், உங்களைப் பார்க்க ஒரு தடவைகூட வரவில்லை என்றும் கிரெய்க் சொன்னபோது, அதற்கும் இதுதான் காரணம் என்று புரிந்துகொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தது போதும்.

முகாமில் இரண்டாம் நாள் மாலை பிள்ளைகளுக்கு வீட்டுக் கடிதம் கொடுப்பது எங்கள் வழக்கம். பெற்றவர்கள் முன்கூட்டியே எழுதி, ஒட்டி, பிள்ளைக்குத் தெரியாமல் அலுவலகத்தில் கொடுத்துவிடுவார்கள். ஓர்லாவுக்கு நீங்களே எழுதுவதாகச் சொன்னீர்கள் என்று கிரெய்க் சொன்னார், அதனால் அவர் எழுதவில்லை. சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது பெட்டியைத் திறந்து எண்ணினேன். இருபத்தேழு. மறுபடி எண்ணினேன். பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்து, கடிதங்களை வாங்கி வைத்த பௌலீனிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை, போன் இருப்பது சாப்பாட்டுக் கூடத்தில். சுற்றிலும் பிள்ளைகள். அந்தக் கேள்வியை அவர்கள் காதுபட எப்படிக் கேட்பது?

அதனால் கொதிகலன் அறைக்குள் போய் நானே ஒன்று எழுதினேன். அவளிடம், உன் அம்மா பள்ளிக்குப் போன் செய்தார்கள், அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன் என்று சொல்லிக் கொடுத்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: உன்னை நினைக்காத நாள் இல்லை. நீ தைரியசாலி. அன்றைக்குக் காரில் நடந்தது உன் தப்பு இல்லை, நீ கூப்பிட்டதால் எதுவும் நடக்கவில்லை.

மேல் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் படித்தாள். ஒரு பக்கம்கூட இல்லாத கடிதம். பிறகு இறங்கி வந்து, "இத அம்மாவே சொன்னாங்களா மிஸ்? இந்த வரியையும்?" என்று கேட்டாள். "ஆமா கண்ணு, அவங்க வாயால சொன்னதுதான்" என்றேன். மறுநாள் காலை அவளாகவே போய்க் கயிற்றைப் பிடித்தாள். ஏறியது அந்த ஜாக்சன். அவன் இறங்கும்வரை அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வருகிற சனிக்கிழமை அப்பாவோடு உங்களைப் பார்க்க வரப்போவதாகச் சொன்னாள்.

அவள் கேட்டால், ஆமாம், போனில் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள். இதைத்தான் கேட்க வந்தேன். பொய்தான். ஆனால் பிள்ளை நிமிர்ந்து நிற்கிறாள்.

உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு எழுதாமல் விடுவதற்கு, வாக்கே கொடுக்காமல் இருந்திருக்கலாம். பத்து வரி எழுத அங்கே நேரம் கிடைக்காமலா போகும்? இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். பதினேழு வருட வேலை, எனக்கும் பயம் இருக்கிறது.

உங்கள் நன்மையை விரும்பும்,
கிளெனிஸ் ஆர்மராட்


புதன்கிழமை

அன்புள்ள லிண்ட்சி அவர்களுக்கு,

என் முதல் கடிதம் கையில் கிடைத்திருக்கும். அதைப் படிக்காதீர்கள் என்று சொல்ல இனி நேரமில்லை. அதன் கடைசிப் பத்தியை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. பத்து வரி எழுத நேரம் கிடைக்காதா என்று உங்களைக் கேட்டேன், இல்லையா? நீங்கள் நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள்.

திங்கட்கிழமை மதியம் முகாமுக்கு எடுத்துப்போன மருந்துப் பையைக் காலி செய்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதில் மாத்திரையும் மருத்துவர் சீட்டும். மழையில் தேவைப்படாமலே போன ஓர்லாவின் தும்மல் மாத்திரைக்குப் பின்னால் உங்கள் கடிதம். ஒட்டியபடியே இருந்தது. உறையின் பின்பக்கம் சிறையின் முத்திரை.

பௌலீனிடம் ஓடினேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "அந்த முத்திரைய மத்த பிள்ளைங்க பாத்துட்டா அவளுக்கு அவமானம் இல்லையா கிளெனிஸ்? அதான் பெட்டியில போடாம மருந்தோட வெச்சேன். எப்படியும் பாப்பீங்கன்னு நினைச்சேன்." உங்கள் கடிதம் பயணத்துக்கு ஒன்பது நாள் முன்பே வந்துவிட்டதாம். எல்லாருக்கும் முன்னால் வந்தது உங்களுடையதுதான். அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குக் கூச்சம். கேட்க எனக்குக் கூச்சம். இந்த ஊரில் நாங்கள் இதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டு வாசலைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வோம். உங்கள் பெயரை விட்டுவிட்டு "அந்தப் பொண்ணோட அம்மா" என்போம். அந்த நாகரிகம்தான் கடைசியில் உங்கள் கடிதத்தைத் தும்மல் மாத்திரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது.

ஆனால் பௌலீன் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அன்று மாலை போன் இருந்த இடம் ஒரு சாக்கு. உண்மை என்னவென்றால், பெட்டியில் இருபத்தேழு என்று எண்ணியதும் யாருடையது இல்லை என்று நான் தேடவே இல்லை. எனக்கு அது முதலிலேயே தெரியும் என்று நினைத்தேன். லிண்ட்சி எழுதியிருக்க மாட்டாள், அவள் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். வேறு எந்த அம்மாவின் கடிதம் காணாமல் போயிருந்தாலும் அந்த முகாமையே தலைகீழாகப் புரட்டியிருப்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சைக்கிள்காரர் மேல் கார் மோதிய வழக்கில், நீதிமன்றத்தில் நீங்கள் "கவனம் தவறிவிட்டது" என்று மட்டும் சொன்னீர்கள், ஏன் தவறியது என்று கடைசிவரை சொல்லவில்லை. அது ஊருக்கே தெரியும். போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள், அதான் வாயைத் திறக்கவில்லை என்று முடி வெட்டுகிற கடையில் உட்கார்ந்து சொன்னவள் நான். நாலு பேர் கேட்கச் சொன்னேன். பிப்ரவரியில் ஓர்லா உண்மையைச் சொன்ன பிறகும், அந்தக் கடைக்குப் போய் நான் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. அவள் சொன்னதை எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்திருக்க வேண்டும், அதுதான் எங்கள் விதி. கொடுத்திருந்தால் யாராவது விஷயம் தெரிந்தவர்கள் அவளிடம் பேசியிருப்பார்கள், உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். என்னை நம்பிச் சொன்னாள் என்ற பெருமையில் நான்கு மாதம் எனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு தினமும் என் கண் முன்னால் நடமாடினாள்.

திங்கள் மாலையே உங்கள் வீட்டுக்குப் போனேன். கிரெய்க் சமையலறையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் முதலில் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பை அணைத்தார். குழாயைத் திறந்தார், மூடினார். "அவ எட்டு மாசத்துக்கப்புறம் இப்பதாங்க ராத்திரி விளக்க அணைச்சிட்டுத் தூங்குறா" என்றார். பிறகு, "நீங்களே அவகிட்ட சொல்லுங்க. என்னால முடியாது" என்று ஓர்லாவைக் கூப்பிட்டார்.

சமையலறை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மா போன் செய்யவில்லை, அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன், அம்மாவின் உண்மையான கடிதம் இதோ என்று நீட்டினேன். வாங்கி, முத்திரையைத் தொட்டுப் பார்த்தாள். ஓரம் கிழியாமல் கத்தியால் பிரித்தாள். எங்களுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

தினமும் காலுறை மாற்று என்று எழுதியிருந்தீர்கள். மேல் கட்டில் கிடைத்தால் குதித்து இறங்காதே. தட்டில் பீன்ஸ் முட்டையைத் தொட்டுவிட்டாலும் சாப்பிடு, வயிற்றுக்குள் போனால் இரண்டும் ஒன்றுதான். அங்கே உங்களோடு இருக்கும் ஒரு அம்மாள் குறட்டை விடுவதைப் பற்றி எழுதியிருந்ததை வாசிக்கும்போது கிரெய்க் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஓர்லாவும் சிரித்தாள். உங்கள் குரல் அந்த அறையில் கேட்டது லிண்ட்சி. நான் எழுதியது ஒரு வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

நான்காவது பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை. உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். மறுபடி முதல் பக்கத்தை எடுத்து, இந்தத் தடவை சத்தமில்லாமல், விரலை வரிக்கு வரி ஓட்டிக்கொண்டு வந்தாள். எதைத் தேடுகிறாள் என்று கிரெய்குக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அன்றைய நாளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை. இந்தத் தடவை உண்மையாகவே சொல்லவில்லை. அவள் மனதில் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்த ஒரே ஆள் நான். நீதிமன்றத்தில் நீங்கள் வாயைத் திறக்காதது அவள் பெயர் வெளியே வரக் கூடாது என்பதற்காக இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். நினைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் பின்சீட்டில் இருந்த பிள்ளைக்கு, அம்மா பேசாமல் இருப்பது வேறு விதமாகக் கேட்டிருக்கிறது.

தாள்களை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப, என் தப்பு இல்லன்னு அம்மா சொல்லல" என்றாள். இல்லை என்றேன். "அது நீங்க சொன்னது." ஆமாம் என்றேன். அது உண்மைதான் கண்ணு, யார் சொன்னாலும் உண்மைதான் என்று அவசர அவசரமாகச் சேர்த்தேன். அவள் கோபப்படவில்லை. நான் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டது போலப் பொறுமையாகக் கேட்டாள்: "உங்களுக்கு எப்படி மிஸ் தெரியும்? நீங்க கார்லயே இல்லையே."

பதினேழு வருடமாகப் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்கியவள், கிரெய்க் பக்கம் திரும்பினேன்.

சனிக்கிழமை போக வேண்டாம்டா, இன்னொரு வாரம் பார்க்கலாம் என்று கிரெய்க் மெதுவாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். "இல்ல, வரேன். நானே கேட்டுக்கறேன்" என்றாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள். வாசல்வரை வந்து என்னை வழியனுப்பும் பிள்ளை, அன்று வரவில்லை.

நேற்றுக் காலை தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்குப் போவதற்கு முன் என்னிடம் வந்திருக்க வேண்டாமா என்று கேட்டார். வந்திருந்தால் சனிக்கிழமை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றுதானே சொல்லியிருப்பீர்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை. விசாரணை முடியும்வரை நான் பள்ளிக்கு வரக் கூடாது, உங்களுக்கும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். முதலாவதற்குக் கீழ்ப்படிகிறேன். வேலை போனால் வருத்தமில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய், நிறைய வருத்தப்படுவேன். அது என் பாடு. நீங்கள் எனக்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. அந்த வேண்டுகோளைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகு, அவளிடம் நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் தாளைக் கசக்கிப் போட்டேன். உங்கள் வாயில் ஒரு தடவை வார்த்தையைத் திணித்தவள் நான். இனிச் செய்ய மாட்டேன். அன்று காருக்குள் என்ன நடந்தது, அதை நீங்கள் மனதில் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கும் அது நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

ஒன்றை மட்டும் பொறுத்துக்கொண்டு கேளுங்கள். அவள் வந்து உட்கார்ந்ததும் எப்படி வளர்ந்துவிட்டாய் என்று ஆரம்பிக்கத் தோன்றும், பள்ளியைப் பற்றிக் கேட்கத் தோன்றும், அழுகையும் வரும். அவள் எதற்கும் காத்திருக்க மாட்டாள், எடுத்ததுமே கேட்டுவிடுவாள் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வி சனிக்கிழமைதான் முதல்முதலாக உங்கள் காதில் விழ வேண்டாம் என்றுதான், விதியை மீறி இதை எழுதினேன். என்ன சொன்னாலும் சரி, யோசித்துவிட்டு வந்து, கேட்ட உடனே சொல்லுங்கள் லிண்ட்சி. இடையில் நீங்கள் எச்சில் விழுங்குகிற நேரத்தைக்கூட அவள் பதிலாக எடுத்துக்கொள்வாள்.

ரயில் தாமதமாகாமல் அவர்கள் உங்களிடம் வந்து சேரட்டும். அவளை அணைத்துக்கொள்ள உங்களை அங்கே அனுமதிக்கட்டும்.

தலை குனிந்து,
கிளெனிஸ்